பிள்ளைகளுக்கு முதல் கபடி: மைதானத்துக்குக் கூட்டிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகனுக்கு 4 வயது நடக்கும்போது முதல்முறையாகக் கபடி பார்க்கத் தூக்கிக்கொண்டு போனேன். மின்னொளி கபடி, பெரிய பரிசு, பேர் போன அணிகள் எல்லாம் வருகின்றன என்று நோட்டீஸில் இருந்தது. இரவு 8 மணிக்குப் போய் நின்றோம். 10 மணி வரை கோடு போட்டார்கள், மைக் டெஸ்ட் செய்தார்கள், பிரமுகர்களுக்கு வரிசையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல் ஆள் பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் ரைடு போவதற்குள் பையன் என் தோளில் தூங்கிப்போனான். பதினொன்றரைக்கு வெடி போட்டார்கள் பாருங்கள், அலறி எழுந்தவன் வீடு வந்து சேரும்வரை அழுகையை நிறுத்தவில்லை. அதற்கப்புறம் 2 வருஷம், ‘கபடி’ என்று யாராவது சொன்னாலே அவன் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வான்.

எனக்குப் பார்க்க ஆசையாக இருந்த ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிப் போனதுதான் தப்பு. பெரிய மேட்ச், பைனல், ராத்திரி விளக்கு, கூட்டம் எல்லாம் நமக்குத்தான் திருவிழா. ஒரு சின்னப் பிள்ளைக்கு அது தூக்கம் கெட்ட இரவு, அவ்வளவுதான். அவனுக்கு 7 வயதும் தங்கைக்கு 5 வயதும் ஆனபோது மறுபடி முயன்றேன். இந்தத் தடவை பைனலை மறந்துவிட்டு, சாயங்கால வெளிச்சத்தில் நடந்த முதல் சுற்று ஆட்டத்துக்குப் போனோம். ஒரே ஒரு ஆட்டம், அரை மணி நேரம். இன்றுவரை இரண்டும் அதைப் பற்றியே பேசுகின்றன. அந்த இரண்டு அனுபவத்துக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கிரிக்கெட் இல்லாமல் ஏன் கபடி என்று கேட்பீர்கள். கிரிக்கெட்டை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் சேப்பாக்கம் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட், தங்குமிடம், வெயில் என்று அதற்கே ஒரு மாதச் சம்பளம் கரையும். கபடி அப்படியில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் தை முதல் கோடை வரை ஏதாவது ஒரு ஊரில் கோடு போட்டிருப்பார்கள். பார்க்கக் காசு கிடையாது. ஆடுகிறவர்கள் பத்தடி தூரத்தில் நிற்பார்கள், மூச்சுச் சத்தமே கேட்கும். தவிர, இது நம் மண்ணின் பிள்ளைகள் உச்சம் தொட்ட ஆட்டம். 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வாங்கிய தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடிய அபினேஷுக்கு ஊர் மன்னார்குடி பக்கத்து வடுவூர்.

ஜல்லிக்கட்டு, மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இரண்டும் நம் பக்கம் உண்டு. ஆனால் முதல் ஆட்டமாக அவை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாடு கோட்டுக்கு உள்ளேதான் ஓட வேண்டும் என்று மாட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதல் படி: எந்த ஆட்டம் என்று முடிவு செய்வது

பாதி வேலை இதிலேயே இருக்கிறது. டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸையும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் போஸ்டரையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் படிக்கப் பழக வேண்டும். ‘நுழைவுக் கட்டணம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது அணிகள் கட்டுவது, பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. என் மாப்பிள்ளை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்துக்கே அந்தக் காசா என்று திரும்பி வந்த கதை உண்டு.

பார்க்க வேண்டியது எத்தனை அணிகள் என்பதை. தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கிற போட்டியில், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அணி வீட்டுக்குப் போகிறது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும் இல்லையா? 32 அணி என்றால் 31 ஆட்டம். முறையான ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதி இரண்டு, நடுவில் 5 நிமிட இடைவேளை. ஊர்ப் போட்டியில் அணிகள் குவிந்துவிட்டால் பாதியை 10 நிமிடமாகக் குறைத்துவிடுவார்கள். அப்படிக் குறைத்தாலும், அணிகள் இறங்கி ஏறுவதையும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் ஆகும். 31 ஆட்டத்துக்கு 775 நிமிடம், ஏறக்குறைய 13 மணி நேரம். ஒரே களத்தில் சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் பைனல் முடியும்போது மறுநாள் காலை 7 மணி, பால்காரர் வந்திருப்பார். இரண்டு களம் போட்டிருந்தால் நேரம் பாதியாகும். அதனால்தான் பைனல் பார்க்கப் போகாதீர்கள் என்கிறேன். முதல் சுற்றுக்குப் போங்கள். அதிலும் உள்ளூர் அணி ஆடுவது எத்தனையாவது ஆட்டம் என்று விழாக்குழு ஆட்கள் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு எந்தப் போட்டியும் தொடங்கிப் பார்த்ததில்லை. 5 மணி என்றால் ஆறரைக்குப் போனால் சரியாக இருக்கும். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், ‘முதல் ஜோடி இறங்கிருச்சு’ என்று போன் வந்த பிறகு வண்டியை எடுங்கள்.

தெரிந்தவர் இருக்கும் ஊராகப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊர்த் திடலில் கழிப்பறை இருக்காது. ஆம்பளப் பிள்ளை என்றால் வேலியோரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம், 5 வயதுப் பெண் பிள்ளைக்கு அது நடக்காது. பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு இருந்துவிட்டால் கழிப்பறை, தண்ணீர், பிள்ளை தூங்கினால் போட ஒரு பாய் என்று எல்லாமே கிடைத்துவிடும்.

ஊர்த் திருவிழாக் கூட்டமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, பள்ளிப் பிள்ளைகள் ஆடும் போட்டிகள். பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு, முதலமைச்சர் கோப்பை என்று வருஷா வருஷம் நடக்கின்றன. பகலில், பெரிய கூட்டம் இல்லாமல், தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். பெண்கள் அணிகளும் ஆடும். ‘பொம்பளப் பிள்ளைங்க ஆட மாட்டாங்களா மாமா?’ என்று சின்னவள் ஒரு நாள் கேட்டாள். வாயால் பதில் சொல்வதற்குப் பதில், ஒரு பள்ளி மாணவியர் ஆட்டத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். பஹ்ரைனில் அபினேஷ் தங்கம் வாங்கிய அதே போட்டியில், பெண்கள் அணியில் ஆடி சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் தங்கம் வாங்கினார் என்று வரும் வழியில் சொன்னேன். இப்போது அவள் வீட்டில் கார்த்திகா, அண்ணன் எப்போதும் எதிரணி.

எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, திடல் எல்லாம் சேறு. சம்பா அறுவடை முடிந்த தை, மாசி, பங்குனிதான் நம் பக்கத்தில் நல்ல காலம். தை, மாசியில் வெயிலும் ஏறியிருக்காது. அறுத்த வயலிலேயே களம் போடுவதும் உண்டு. களத்தைச் சமன் செய்திருப்பார்கள், சுற்றிலும் நெல்லுத் தாள் குத்திக்கொண்டு நிற்கும், அதனால் பிள்ளைக்குச் செருப்பைவிட ஷூ நல்லது. அக்னி நட்சத்திர நாட்களில் பகல் ஆட்டத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மைதானமும் சந்தையும் ஒன்றுதான். 4 முதல் 6 வரை ஓர் ஆட்டம் போதும். 7க்கு மேல் இரண்டு, மூன்று ஆட்டம் தாங்குவார்கள்.

இரண்டாம் படி: வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை

விதி தெரியாத பிள்ளைக்குக் கபடி எப்படித் தெரியும் தெரியுமா? ஒரு அண்ணன் தனியாக வருகிறார், நாலு பேர் அவர்மேல் விழுந்து அமுக்குகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். பயப்படாமல் என்ன செய்யும்? அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வாசலில் ஆடிக் காட்டிவிட வேண்டும்.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பிள்ளைகளுக்குப் பாதி போதும், ஏழடி எட்டடி குறைந்தாலும் யாரும் அளக்கப் போவதில்லை. கோலமாவால் ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. (அப்பாயியிடம் கேட்டுவிட்டு மாவை எடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.) முதலில் ஆட்டமே வேண்டாம், மூச்சுப் போட்டி மட்டும் வையுங்கள். ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் யார் அதிக நேரம் பாடுவது? ஒரு ரைடுக்கு 30 விநாடிதான் நேரம். அதற்குள் பாடிப் போய், தொட்டு, கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். பெரியவன் 11 விநாடி வரை வந்தான், சின்னவள் மூச்சை விட்டுவிட்டு விடவில்லை என்று சாதித்தாள். மைதானத்தில் நிஜமான ஒரு ரைடர் அதையே செய்வதைப் பார்த்தபோது இரண்டு பேரும் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஆட்டம் அவர்களுடையதாகிவிட்டது.

விதிகளில் மூன்றே மூன்றைச் சொல்லுங்கள். ‘தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தா ஒரு பாயின்ட். வர விடாம பிடிச்சிட்டா அவங்களுக்கு ஒரு பாயின்ட். அவுட்டானவங்க வெளியே போய் உட்காரணும், அவங்க ஆளு பாயின்ட் எடுத்தா திரும்பி உள்ளே வரலாம்.’ மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெளியே உட்கார்ந்திருக்கும் வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எந்த அண்ணன் எப்போது உள்ளே போவார் என்று. முதலில் அவுட்டானவர்தான் முதலில் உள்ளே போவார், பள்ளிக்கூடத்து வரிசை மாதிரி. அது அவர்களுக்கு உடனே புரியும்.

போனஸ், சூப்பர் டேக்கிள், டூ ஆர் டை எல்லாம் இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை கேட்டால் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்கிற பக்கத்தில் 6 பேராவது நிற்கும்போது ரைடர் ஒரு காலை, அந்தப் பக்கத்தில் பின்னால் போட்டிருக்கும் போனஸ் கோட்டுக்கு அப்பால் வைத்து, இன்னொரு காலைத் தரையிலிருந்து தூக்கினால் போனஸ். அந்தப் பாயின்ட்டுக்கு வெளியே இருப்பவர் யாரும் உள்ளே வர முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து ரைடரைப் பிடித்துவிட்டால் கூடுதலாக ஒன்று கிடைக்கும், அது சூப்பர் டேக்கிள். தொடர்ந்து இரண்டு ரைடு வெறும் கையோடு திரும்பினால் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் அவுட், அதுதான் டூ ஆர் டை. ஏழு பேரும் அவுட்டானால் எதிரணிக்கு இரண்டு பாயின்ட், அப்புறம் ஏழு பேரும் மறுபடி களத்துக்கு வருவார்கள். ஊர்ப் போட்டிகளில் இவற்றில் சிலவற்றை வைத்துக்கொள்வார்கள், சிலவற்றை விட்டுவிடுவார்கள். நடுவர் ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் சொல்வார், காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடி என்றால் என்ன என்பதையும் காட்டிவிடுங்கள். மெத்தையில் நீங்கள் ரைடராகப் போங்கள், பிள்ளைகள் உங்கள் காலைப் பிடிக்கட்டும். கீழே விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்திருங்கள். விழுந்தவர் எழுந்திருப்பார் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை மைதானத்தில் அலறாது.

மூன்றாம் படி: பை

சின்னப் பையாகவே எடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று உடுப்பு, ஒரு துண்டு, டார்ச், கொசுவுக்குப் பூசும் களிம்பு. வாய்க்கால் ஓரத் திடல் என்றால் கடைசி இரண்டும் கட்டாயம் வேண்டும். பனி இறங்கும் மாதத்தில் தலைக்கு ஒரு குல்லா.

தீனியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது, ஆனாலும் அங்கே விற்பதை வாங்கித் தராமல் திரும்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். சுண்டல், வெள்ளரிப் பிஞ்சு, அவித்த சோளம் எல்லாம் சரி. வேர்க்கடலையில் மட்டும் கவனம் வேண்டும். 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக்கடலை கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். அதுவும் ஆட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே தின்னும்போது. அப்புறம் ஊதல். பத்து ரூபாய்தானே என்று நான் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உங்கள் கைப்பேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்பா பெயர் என்ன என்றால் ‘அப்பா’ என்று சொல்லும் வயது அது. பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு, கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிள்ளை கண்ணில் படாமல் போனால் என்ன சட்டை என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. முதலில் மைக்காரரிடம் போங்கள், ஊர்ப் போட்டியில் அதுதான் வேகமான வழி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ஆம்புலன்ஸ் 108.

நான்காம் படி: போய்ச் சேருவது

பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை ஆளாகப் போனால், ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு வரும்போது இன்னொன்றை யார் பிடித்துக்கொள்வது?

பைக்கில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயது வரை உள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால், ஓட்டுபவரோடு பிள்ளையைப் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டேங்கின் மேல் முன்னால் உட்கார வைத்துப் போவதை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். ராத்திரி, எதிரே ஹை பீமில் வரும் நெல் லாரி, தூங்கி வழியும் பிள்ளை. யோசித்துப் பாருங்கள்.

பஸ்ஸில் போனால் திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேளுங்கள். மினி பஸ்ஸை நம்பாதீர்கள், அது சாயங்காலமே அடங்கிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டியிருந்தால் டார்ச் அடித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும்.

ஐந்தாம் படி: எங்கே உட்காருவது

இதில் நிதானம் வேண்டும். போனதும் கயிற்றோரம் இடம் பிடிக்க எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து ரைடரை வெளியே தள்ளும்போது அந்தக் கட்டு அப்படியே பக்கக்கோட்டைத் தாண்டி வந்து விழும். கயிறு அவர்களைத் தடுக்காது. களத்திலிருந்து நாலைந்து மீட்டராவது தள்ளி, நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும், ரைடர் திரும்பி வந்து கோட்டைத் தொடுவதும் நேர் எதிரே தெரியும்.

பிள்ளைக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிகிறது என்றால் சவுக்குக் கட்டை கட்டிய கேலரியில் ஏறலாமே என்று தோன்றும். நான் ஏற்ற மாட்டேன். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின்போதே பார்வையாளர் கேலரி சரிந்து 100 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். தேசியப் போட்டிக்குக் கட்டியதே அப்படி என்றால், நேற்றுச் சாயங்காலம் கயிறு போட்டுக் கட்டியதை என்ன சொல்ல? அதற்குப் பதிலாக, ஓரமாக நிறுத்தியிருக்கும் டிராக்டர் டிரெய்லரைப் பாருங்கள். வண்டிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால், ‘ஏறி உட்காருங்க தம்பி’ என்பார். பக்கப் பலகை போட்டிருந்தால் பிள்ளை விழவும் விழாது. எங்கள் முதல் வெற்றிகரமான ஆட்டத்தைப் பார்த்தது அப்படியொரு டிரெய்லரில் இருந்துதான், அடியில் கொஞ்சம் வைக்கோல் வேறு கிடந்தது.

அடுத்தது ஸ்பீக்கர். பெட்டி பெட்டியாக அடுக்கி, களத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே போகும் என்பது பெரியவர்களின் வேலையிடத்துக்குச் சொல்லும் கணக்கு. அதன்படி 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு அதையும்விடக் கவனம் வேண்டும். கருவியெல்லாம் தேவையில்லை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது. திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அதனால் எழுந்து தள்ளிப் போங்கள். காதை முழுதாக மூடும் இயர்மப் ஆன்லைனில் கிடைக்கிறது, திருவிழாவுக்கும் ஆகும். வெடி எங்கே போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்று விழாக்குழுவில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் உள்ளூர் அணி இறங்கும்போதும் ஜெயிக்கும்போதும்தான். முன்கூட்டிச் சொன்னால் பிள்ளை தானே காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும், பயமே ஒரு விளையாட்டாகிவிடும்.

ஜெனரேட்டர், விளக்குக் கம்பம், தரையில் ஓடும் ஒயர் பக்கம் வேண்டாம். ஆள் வந்து போகும் வழியை மறித்தும் உட்கார வேண்டாம். தகராறு வந்தால் கூட்டம் ஓடுவது அந்த வழியாகத்தான்.

ஆறாம் படி: ஆட்டம் நடக்கும்போது

வர்ணனையை மைக்காரரிடம் விட்டுவிடுங்கள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து ‘இப்போ கார்னர் வரான் பாரு, கவர் விட்டுட்டான் பாரு’ என்று ஓயாமல் சொன்னால் பிள்ளைக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியாது. கேட்டால் சொன்னால் போதும். என் அனுபவத்தில் அவர்கள் கேட்பது நாம் நினைப்பதையே இல்லை. ‘அந்த அண்ணன் ஏன் மண்ணை எடுத்துக் கையில தேய்க்கிறாங்க?’ வியர்வையில் பிடி வழுக்காமல் இருக்க. ‘ஏன் செருப்பு போடல?’ மண் களத்தில் வெறுங்கால், மேட் விரித்த களத்தில் ஆடினால் ஷூ. ‘இவங்களுக்கு நாளைக்கு ஸ்கூல் இல்லையா?’ இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆளுக்கு ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பனியன் எண்ணை வைத்து. அணிக்காகக் கத்துவதைவிட ஓர் ஆளைப் பின்தொடர்வது சின்னப் பிள்ளைக்கு எளிது. சின்னவள் 4ஆம் எண்ணைத் தேர்ந்தெடுத்தாள். அவர் ஆட்டத்தில் பாதி நேரம் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை அவர் உள்ளே வரும்போதும் இவள் எழுந்து நின்று கை தட்ட, மூன்றாவது முறை அந்த அண்ணன் இவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் இப்போதும் அவளுக்குத் தெரியாது.

பக்கத்து ஊர் அணிக்குப் பிள்ளை கை தட்டினால் தட்டட்டும். யாராவது சிரித்துக்கொண்டே ‘எந்த ஊரு பிள்ளை?’ என்று கேட்பார்கள், நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். கெட்ட வார்த்தைகள் காதில் விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் பதறினால் அந்தச் சொல்தான் வீட்டுக்கு வரும், கவனிக்காத மாதிரி இருந்தால் பாதி மறந்துவிடும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை.

ஒருவருக்கு அடிபட்டு விழுந்தால் பிள்ளையின் கண்ணைப் பொத்தாதீர்கள். தண்ணீர் தெளிப்பார்கள், ஐஸ் வைப்பார்கள், எழுந்து நொண்டிக்கொண்டு போவார். போகும்போது பிடித்தவரே வந்து தோளைத் தட்டுவார். அதைக் காட்டுங்கள். வாசலில் நீங்கள் விழுந்து எழுந்தது அப்போது நினைவுக்கு வரும். நடுவர் தீர்ப்பைக் கேட்டு இரண்டு பக்கமும் களத்துக்குள் இறங்கிக் குரல் உயர ஆரம்பித்தால் மட்டும் யோசிக்காதீர்கள். ஸ்கோர் எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளையைத் தூக்குங்கள், பின்பக்கமாக நடங்கள். சமாதானம் ஆகிவிடும், ஆனால் அது ஆகும்வரை அங்கே இருக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: கிளம்புவது

பிள்ளை ‘போலாம்’ என்று சொல்லும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். கண்ணைக் கசக்குவதற்கு முன்னால், இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சும்போதே எழுந்துவிட வேண்டும். கஷ்டம்தான், குறிப்பாக நமக்கு. அடுத்து இறங்குவது நமக்குப் பிடித்த அணியாக இருக்கும். பெரியவர்கள் யாராவது பார்த்தே ஆக வேண்டும் என்றால் அவர் இருக்கட்டும், பிள்ளையோடு வந்தவர் கிளம்பட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கால், கை கழுவி, மண் உடுப்பை மாற்றிப் படுக்கப் போடுங்கள். தூங்காது. ஒரு மணி நேரம் பேசும். பேச விடுங்கள், நாளைக்குக் காலையில் எல்லாம் கலங்கிப்போய் எந்த அண்ணன் எந்த அணி என்றே தெரியாமல் போய்விடும்.

மறுநாள் அக்கா வீட்டு வாசலில் கோலமாவு டப்பா காலி. அப்பாயி அதைத் தேடிக்கொண்டிருக்க, பெரியவன் என்னிடம் வந்து, ‘மாமா, பைனல் எப்ப காட்டுவீங்க?’ என்றான். 32 அணிக் கணக்கை அவனுக்குத் தரையில் எழுதிக் காட்டினேன், 31 ஆட்டம், 775 நிமிடம், பைனல் முடியும்போது காலை 7 மணி. விரலை விட்டுக் கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தான். ‘சரி, அப்ப நான் மத்தியானமே தூங்கிடுறேன்’ என்றான்.